பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுதல்

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் இருவரின் வாகனம். காலை ஏழு மணிக்குப் பலாலி வீதி ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் இது விளங்கும். தங்கையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகும் அண்ணன், மனைவியைக் கந்தோருக்கு ஏற்றிச் செல்லும் கணவன், தாயாரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் மகன், தோழியைப் பின்னால் இருத்திக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவி என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். இவர்களில் அனேகர் தனியே ஓட்டப் பழகியவர்கள். பின்னால் ஆளை வைத்து ஓட்டுவதை யாரும் தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒருநாள் வீட்டில் யாரையோ அவசரமாக ஓரிடத்துக்குக் கொண்டுபோக வேண்டி வருகிறது, அன்றிலிருந்து ஓட்டத் தொடங்கிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் சாவகச்சேரிக்குப் போகும்போது, கைதடி தாண்டியதும் நாயொன்று வீதிக்குக் குறுக்கே பாய்ந்தது. தனியே போகும் நாட்களில் எப்படிப் பிறேக் பிடிப்பேனோ அப்படியே பிடித்தேன். வண்டி நின்றது, நாயும் தப்பியது. ஆனால் அம்மாவின் தலைக்கவசம் என் தலைக்கவசத்தில் மோதியது. அவருடைய கை பிடி விலகி, உடல் இடப்பக்கம் சரிந்து, கால் தார் வீதியில் உராய்ந்து, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஒரு மாதம் நொண்டி நடந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு நாயைத் தெரியேல்லையே தம்பி, உன்ரை முதுகுதானே தெரிஞ்சது."

இந்த ஒரு வசனத்திலிருந்துதான் நான் மறுபடி ஓட்டப் பழகினேன். பின்னால் இருப்பவருக்கு வீதி தெரியாது, பிறேக் அவர் கையில் இல்லை, ஹாண்டிலும் அவரிடம் இல்லை. முன்னால் இருப்பவர் தன் கண்ணால் ஒரு கணம் முன்னதாகக் கண்டு உடலைத் தயார்படுத்திக் கொள்வதை, பின்னால் இருப்பவர் நடந்து முடிந்த பிறகே உணர்கிறார். ஆகவே இருவராகப் போகும்போது ஓட்டுநர் செய்யும் ஒவ்வொன்றும் திடீரென நிகழாமல், பின்னால் இருப்பவரின் உடலுக்கு முன்கூட்டியே தெரியும் வகையில் மெல்லத் தொடங்கி மெல்ல முடிய வேண்டும். கீழே சொல்லப்படுபவை யாவும் இதற்கான வழிகளே.

எடை கூடும்போது வண்டிக்கு என்ன நடக்கிறது

நம்மூரில் அதிகம் ஓடும் 100 சிசி வண்டியொன்றின் எடை ஏறத்தாழ 110 கிலோ. அதில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால், வண்டியின் எடையில் பாதிக்கும் மேலானது புதிதாகச் சேருகிறது. காரில் ஒருவர் கூடுதலாக ஏறினால் அது பெரிதாகத் தெரியாது. இங்கே வண்டியே வேறாகிவிடுகிறது. அதுவும் அந்த எடை தாழ்வாகவோ நடுவிலோ வைக்கப்படுவதில்லை. உயரமாக, பின்சில்லுக்கு மேலேயே வந்து அமர்கிறது. அதனால் முன்சில்லின் மேல் அழுத்தம் குறைந்து ஹாண்டில் இலேசாகிறது. மெதுவாகப் போகும்போது வண்டி இரு பக்கமும் ஆடுகிறது. பாலத்தின் ஏற்றத்தில் வேகமாகக் கிளச்சை விட்டால் முன்சில்லு எழும்பப் பார்க்கிறது. நிறுத்துவதற்கும் கூடுதல் தூரம் வேண்டும்.

தூரத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிறேக்கை அழுத்துவதற்கே ஒரு விநாடி செல்லும் என்று வைத்தால், பிறேக் வேலை செய்யத் தொடங்கும் முன்னரே ஒரு பஸ்ஸின் நீளத்துக்கும் மேலான தூரத்தைக் கடந்துவிட்டோம். அதன் பிறகு, இருவரின் எடையை நிறுத்த வேண்டிய பிறேக்கும், பின்னாலிருந்து உங்கள் முதுகில் சாயும் ஓர் உடலும் இருக்கின்றன. ஆகவே தனியே போகும்போது முன்னால் செல்லும் வாகனத்துக்கு இரண்டு விநாடி இடைவெளி விடுபவர், இருவராகப் போகும்போது குறைந்தது மூன்று விநாடி விடவேண்டும். முன்னால் போகும் பஸ் ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று" என்று மனத்துக்குள் எண்ணுங்கள்; எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் மிகவும் நெருங்கிப் போகிறீர்கள் என்று பொருள்.

புறப்படும் முன் வண்டியில் பார்க்க வேண்டியவை

முதலில் ரயர்க் காற்று. நம்மில் பலர் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் ஏதோ ஓர் அளவில் அடித்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுகிறோம். வண்டிக் கைந்நூலிலும், பல வண்டிகளில் செயின் மூடியிலோ அதற்கு அண்மையிலோ ஒட்டப்பட்டுள்ள தாளிலும், தனியே ஓட்டுவதற்கு ஓர் அளவும் இருவராக ஓட்டுவதற்கு வேறோர் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். 150 சிசி வண்டியொன்றில் முன்சில்லுக்கு 25 பிஎஸ்ஐ, பின்சில்லுக்குத் தனியே 28, இருவருக்கு 32 என்பது வழக்கமான அளவு. 100 சிசி வண்டிகள் சிலவற்றில் இருவருக்கான பின்சில்லு அளவு 40 வரை போகும். உங்கள் வண்டிக்கு எழுதப்பட்டிருப்பதே உங்கள் அளவு. காற்றுக் குறைந்த பின்ரயர், எடை ஏறியதும் பக்கவாட்டில் மடங்கிச் சூடாகும். வளைவில் வண்டி பின்பக்கம் மிதப்பதுபோலத் தோன்றுவதற்கு இதுவே முதற் காரணம். காற்றை ரயர் சூடாகும் முன், வீட்டிலிருந்து புறப்பட்டவுடன் கிட்டவுள்ள கடையில் பார்ப்பதே சரி. ஓடிச் சூடான பிறகு பார்த்தால் உண்மையிலும் கூடுதலாகக் காட்டும்.

அடுத்தது பின்பக்க ஷொக் அப்சோபர். இரட்டை ஷொக் உள்ள வண்டிகளில் சுருளின் அடியிலோ மேலோ படிபடியாக வெட்டிய வளையமொன்று இருக்கும். அதைத் திருப்பினால் சுருள் இறுகும். நாள்தோறும் இருவராகப் போவோர் கராஜில் சொல்லி ஒன்றிரண்டு படி இறுக்கி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்; ஒருபக்கம் இரண்டாம் படியிலும் மறுபக்கம் நான்காம் படியிலும் ஓடிய வண்டியை நான் கண்டிருக்கிறேன். சுருள் தளர்ந்திருந்தால் பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு மேல்நோக்கும். அப்போது இரவில் உங்கள் வெளிச்சம் வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஒருவரைப் பின்னால் இருத்தி, வீட்டு மதிலுக்கு நேரே சற்றுத் தள்ளி நிறுத்தி வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்து கொள்ளலாம். பின்காட்டும் கண்ணாடிகளையும் அந்த நிலையிலேயே திருப்பி வையுங்கள். தனியே இருக்கும்போது சரியாக இருந்த கண்ணாடி, ஆள் ஏறியதும் அவருடைய முழங்கையையோ வானத்தையோ காட்டும்.

செயினின் தொய்வும் ஆள் ஏறியதும் மாறும். பின்னால் ஒருவர் இருக்க, கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பார்த்து, அது இறுகிக் கிடக்கவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். பின் கால்மிதிகள் இரண்டும் முழுமையாக மடிந்து விரிகின்றனவா, இறப்பர் தேய்ந்து வழுக்குகிறதா, பின்னால் உள்ள பிடிகம்பியின் ஆணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பவையும் இரண்டு நிமிட வேலைதான். அழகுக்காகப் பிடிகம்பியைக் கழற்றிவிட்டு ஓடும் இளைஞர்களிடம் நான் தயவாகக் கேட்பது, அதை மறுபடி பூட்டுங்கள் என்பதே. பின்னால் இருப்பவருக்குக் கையால் பிடிக்க வண்டியில் உள்ள உறுதியான பொருள் அது ஒன்றுதான்.

தலைக்கவசமும் உடையும்

இலங்கைச் சட்டப்படி ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் இருவருமே தலைக்கவசம் அணிய வேண்டும்; பின்னால் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். ஆனால் நம் வீடுகளில் நல்ல கவசம் ஓட்டுபவருடையதாகவும், பழையதும் தொளதொளப்பானதுமானது பின்னால் இருப்பவருக்குரியதாகவும் இருப்பதைப் பரவலாகக் காணலாம். வீதியில் விழுந்தால் யார் முதலில் தூக்கி எறியப்படுவார் என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பங்கீடு சரியில்லை என்பது தெரியும். கவசம் தலைக் காயத்தின் ஆபத்தை 69 வீதத்தாலும் இறப்பின் ஆபத்தை 42 வீதத்தாலும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மீளாய்வு கூறுகிறது. நாடாவைப் பூட்டாத கவசம் இந்தக் கணக்கில் சேராது, ஏனெனில் அது தலை தரையில் மோதும் முன்னரே கழன்று போய்விடும். எஸ்எல்எஸ் 517 என்ற தரக் குறியீடு உள்ளதை, அணிபவரின் தலைக்கு வைத்துப் பார்த்து வாங்குங்கள். நாடாவைப் பூட்டியபின் நாடிக்கும் நாடாவுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். கொண்டை போட்டிருக்கும் பெண்கள் கவசம் மேலே தூக்கி நிற்காதபடி கொண்டையைத் தாழ்த்தி முடிந்துகொள்ள வேண்டும்.

சேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சேலையோடு இரு பக்கமும் கால் போட்டு இருக்க முடியாது என்பதால், கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும் பெண்கள் ஒரு பக்கமாக இருந்து போகிறார்கள். இது பாதுகாப்பானதன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்படி இருப்பவரின் எடை இடப்பக்கம் கூடுதலாக விழுகிறது. வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய முடியாது. முழங்காலால் இருக்கையை இறுக்கிப் பிடிக்க முடியாது. பிறேக் பிடித்தால் முன்னால் சறுக்குவதைத் தடுக்க ஒன்றும் இல்லை. சல்வார் அணிந்து இரு பக்கமும் கால் போட்டு இருந்து போய், போன இடத்தில் சேலை மாற்றிக்கொள்வது கடினமான காரியமன்று. நீண்ட தூரத்துக்கு அதுவே ஒரே வழி. கிட்டிய இடத்துக்குச் சேலையோடு போகத்தான் வேண்டுமென்றால், இடப்பக்கச் சேலைக் காப்புக் கம்பி வண்டியில் இருக்க வேண்டும், இரு பாதங்களும் அதற்குரிய மிதியில் ஊன்றியிருக்க வேண்டும், ஒரு கை பிடிகம்பியிலும் மறு கை ஓட்டுபவரின் இடுப்பிலும் இருக்க வேண்டும், வேகம் 30 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது.

சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் காற்றில் பறந்து பின்சில்லின் கம்பிகளுக்குள்ளோ செயினுக்குள்ளோ போனால், ஒரு கணத்தில் சுற்றி இழுத்துவிடும். கழுத்தில் மாலைபோல இட்ட துப்பட்டா இழுபட்டால் கழுத்தையே நெரிக்கும். தலைப்பை இடுப்பைச் சுற்றி எடுத்துச் செருகவும், துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடியவும் வேண்டும். புறப்படும் முன் ஓட்டுநர் தானே திரும்பி ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்ல வழக்கம். கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்க வேண்டிய விடயமல்ல இது. வேட்டியோடு கோயிலுக்குப் போகும் ஆண்களுக்கும் சால்வைக்கும் இதே விதி பொருந்தும்.

குடையைப் பற்றியும் ஒரு சொல். வெயிலுக்கும் தூறலுக்கும் பின்னால் இருப்பவர் குடை விரித்துப் பிடித்துக்கொண்டு போவது நம் வீதிகளில் இன்னும் காணக்கூடியது. விரித்த குடை பாய்மரம் போன்றது. எதிரே ஒரு பஸ் கடந்து போகும் காற்று போதும், குடை திரும்பும், அதைப் பிடித்திருப்பவரும் சேர்ந்து இழுபடுவார். மழைக்கு இரண்டு மழையங்கிகளை இருக்கைக்கு அடியிலோ பையிலோ எப்போதும் வைத்திருங்கள். பின்னால் இருப்பவரின் மடியில் பை, வாழைக்குலை, பலகாரப் பெட்டி என்று எதையும் கொடுக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான், ஏனெனில் அவருடைய இரண்டு கைகளும் அவரைப் பிடிப்பதற்கு வேண்டும். பை முதுகில் மாட்டுவதாக இருக்கட்டும்.

ஏறும் முன் சொல்ல வேண்டியது

முதல் தடவையாக உங்களோடு வருபவர் யாராயினும், வயதில் மூத்தவராயினும், புறப்படும் முன் ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்லுங்கள். வண்டியை நேராக நிமிர்த்தி, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்ட பிறகே ஏறச் சொல்ல வேண்டும். "இப்ப ஏறுங்கோ" என்று நீங்கள் சொல்லும்வரை அவர் கால் தூக்கக் கூடாது. ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கத்தால்தான். நாம் வீதியின் இடப்பக்கம் செல்வதால் அந்தப் பக்கமே வாகனம் வராத பக்கம். பெரும்பாலான வண்டிகளில் புகைக்குழாய் வலப்பக்கம் இருப்பதால் காலைச் சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் குறைவு.

இருந்த பிறகு சொல்ல வேண்டியவை சில. கால்கள் இரண்டும் எப்போதும் மிதியில் இருக்கட்டும். வண்டி சந்தியில் நின்றாலும் தரையில் ஊன்ற வேண்டாம், ஊன்றுவது ஓட்டுநரின் வேலை. ஒரு கை பிடிகம்பியில், மறு கை ஓட்டுநரின் இடுப்பில். தோளைப் பிடித்து இழுத்தால் ஹாண்டிலும் சேர்ந்து திரும்பும். வளைவில் வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிரக் கூடாது. இதைப் புதியவருக்கு விளக்கக் கடினமாக இருந்தால், "வலப்பக்கம் திரும்பினால் என்ரை வலத்தோளுக்கு மேலாலை பாருங்கோ, இடப்பக்கமெண்டால் இடத்தோளுக்கு மேலாலை" என்று சொல்லிப் பாருங்கள்; தலை போகும் பக்கம் உடல் தானாகவே அளவாகச் சாயும். தலைக்கவசத்துக்குள் காற்று இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால், ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து என்று முதுகில் தட்டும் குறியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். தொலைபேசி அடித்தால் அதைப் பார்ப்பதும் வேண்டாம், நிறுத்திப் பேசலாம்.

இவற்றையெல்லாம் சொல்வதற்கு முன் ஓட்டுநர் ஒருநாள் தானே இன்னொருவரின் பின்னால் இருந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்மாவின் கணுக்கால் ஆறிய பிறகு நண்பனொருவனின் பின்னால் இருந்து நெல்லியடிவரை போனேன். அவன் நல்ல ஓட்டுநர். அப்படியிருந்தும், அவன் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் என் தலை முன்னும் பின்னும் ஆடியது. கிடங்கைக் கண்டு வெட்டியபோது என் வயிறு சுருங்கியது. இருபத்தைந்து கிலோமீற்றரில் நான் கற்றது, பத்து ஆண்டுகள் ஓட்டிக் கற்காதது.

ஓட்டும்போது

புறப்படுவதற்குத் தனியே போகும்போது கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக அக்சிலேற்றர் கொடுத்து, கிளச்சை வழக்கத்தைவிட மெதுவாக விடுங்கள். கியர் மாற்றும்போது அக்சிலேற்றரை வெடுக்கென மூடாமல் தளர்த்தி மூட வேண்டும். நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று அறிய எளிய சோதனை உண்டு: வீடு சேரும்வரை பின்னாலிருப்பவரின் கவசம் உங்கள் கவசத்தில் ஒருமுறையேனும் தட்டவில்லை என்றால் ஓட்டம் சரி, தட்டிக்கொண்டே வந்தால், பிழை அவர் இருப்பதில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

பிறேக்கில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. முன்பிறேக் பிடித்தால் கவிழ்ந்துவிடுவோம் என்று பின்பிறேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி முன்சில்லிலேயே இருக்கிறது. அதேநேரம், பின்னால் ஆள் இருப்பதால் பின்சில்லு தரையை நன்றாக அழுத்துகிறது, ஆகவே தனியே போகும்போது எளிதில் வழுக்கும் பின்பிறேக் இப்போது கூடுதலாக உதவும். இரண்டையும் சேர்த்து, முதலில் இலேசாகத் தொட்டு, எடை முன்னால் நகர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த இலேசான முதல் தொடுகையே பின்னால் இருப்பவருக்கு நீங்கள் அனுப்பும் செய்தி; அரை விநாடி கிடைத்தால் போதும், அவர் கை தானாகவே இறுகும். கைதடியில் நான் செய்யத் தவறியது அதைத்தான். இன்னும் சரியாகச் சொன்னால், வீதி ஓரத்தில் நாய் நிற்பதைக் கண்டபோதே அக்சிலேற்றரை மூடியிருக்க வேண்டும்.

நிற்கும்போது இடக்காலை ஊன்றும் முன் தரையைப் பாருங்கள். நம் வீதிகளில் பல இடங்களில் தார் விளிம்பு உயர்ந்தும் மண் ஓரம் தாழ்ந்தும் இருக்கும்; ஊன்றிய கால் வெறுமையில் இறங்கினால் இருவரின் எடையையும் ஒரு காலால் தாங்க முடியாது. குறுகிய ஒழுங்கையில் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தால் பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டுத் திருப்புங்கள்.

இடங்களைப் பொறுத்த கவனம் வேறு. கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கங்களில் தோட்டத்திலிருந்து ஏறும் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரங்களும் பெரிய உழவு இயந்திரங்களும் சில்லில் அப்பிய செம்மண்ணை வீதியில் உதிர்த்துவிட்டுப் போகும். காய்ந்திருக்கும்போது அது வெறும் தூசு. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழைத் தூறல் பட்டதும் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். அந்த இடத்தில் பிறேக் பிடிப்பதும் சாய்வதும் கூடாது. முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நேராக, சீராகக் கடந்துவிட வேண்டும். மணற்காடு, குடத்தனை, அம்பன் பக்கங்களில் காற்று வாரிப் போட்ட மணல் தார் வீதியின் மேல் படர்ந்து கிடக்கும். மணல் ஆழமாக இருந்தால் வெட்கப்படாமல் பின்னால் இருப்பவரை இறங்கி இருபது அடி நடக்கச் சொல்லுங்கள். அவர் நடந்து வரட்டும், வண்டி தனியே கடக்கட்டும்.

பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போகும்போதும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலும், பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியிலும், 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்திலும் மரம் மதில் எதுவும் மறைக்காத திறந்த வெளியில் காற்று நேரே வந்து அடிக்கும். ஆனி, ஆடியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் இருவராகப் போகும் வண்டிக்குக் காற்றுப் படும் பரப்பு கூடுதலாக இருப்பதால் தள்ளலும் கூடுதலாக இருக்கும். பனைகளின் ஓலை ஒரு பக்கமாகச் சாய்ந்து இரையத் தொடங்கினால், வெளியில் இறங்கும் முன்னரே வேகத்தைக் குறைத்து, பின்னால் இருப்பவரை நெருங்கி இருக்கச் சொல்லி, ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் தளர்ந்த கையோடு பிடித்து, வீதியின் ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே ஓட்டுங்கள். எதிரே பெரிய பஸ் வரும்போது அது ஒரு கணம் காற்றை மறைத்து, கடந்ததும் மீண்டும் அடிக்கவிடும். அந்த இரண்டாவது அடிக்குத்தான் தயாராக இருக்க வேண்டும்.

ரயில் பாதைக் கடவைகள் இன்னொன்று. 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நகருக்கு மீண்டும் வந்து சேர்ந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் தண்டவாளமே இல்லாத கடவைகளைப் பார்க்காமல் கடந்து பழகிய மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடவையில் கட்டாயம் நின்று இரு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதோடு, தண்டவாளத்தைச் செங்குத்தாகவே கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால், மழையில் நனைந்த இரும்பில் சில்லு வழுக்கிவிடும். வேகத்தடைகளிலும் கடவைகளிலும் "தடை வருது" என்று ஒரு சொல் சொன்னால் பின்னால் இருப்பவர் மிதியில் காலை ஊன்றிச் சற்று எழும்பிக்கொள்வார், முதுகெலும்பு தப்பும்.

இரவில் கண்டி வீதியில் முகமாலை தாண்டியும், தீவகத்து வீதிகளிலும் மாடுகள் தார் வீதியின் நடுவிலேயே படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த வீதி. விளக்கு வெளிச்சத்தில் கண் மட்டும் மின்னும், அதுவும் நம் பக்கம் திரும்பியிருந்தால்தான். உங்கள் முன்விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்துக்கு மேல் போக வேண்டாம்.

யாரை ஏற்றலாம், யாரை ஏற்றக் கூடாது

பின்மிதியில் பாதம் எட்டாத பிள்ளையைத் தனியே பின்னால் இருத்தக் கூடாது. கால் ஊன்ற இடமில்லாத பிள்ளை, பிடித்திருக்கும் கையின் வலிமையில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கை களைத்தால், அல்லது பாடசாலை விட்டு வரும் மதிய வெயிலில் கண் சொருகினால், நமக்குத் தெரியாமலே சரிந்துவிடும். எண்ணெய்த் தாங்கியின் மேல் முன்னால் இருத்துவது இன்னும் தீது. மோதினால் பிள்ளை ஹாண்டிலுக்கும் ஓட்டுபவருக்கும் இடையில் அகப்பட, ஓட்டுபவரின் எடை முழுவதும் பிள்ளையின் மேல் வந்து விழும். தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் பிள்ளையை இருத்திக்கொண்டு மூவராகப் போவது சட்டப்படியும் பிழை. எனக்குத் தெரியும், பஸ் கிடைக்காத ஊர்களில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். ஆயினும் ஆட்டோக்காரரொருவரை நான்கைந்து வீட்டார் சேர்ந்து மாதக் கணக்கில் பேசி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விரிவுபடுத்தலாம்.

சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர், தலைச்சுற்று உள்ளவர், மயக்க மருந்தின் தாக்கம் தீராதவர் ஆகியோரை ஒருபோதும் மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். மது அருந்தியவரும் அப்படியே. நீங்கள் ஒரு சொட்டும் குடிக்காதவராக இருந்தாலும், பின்னால் இருப்பவர் ஆடினால் வண்டியும் ஆடும். கலியாண வீட்டிலிருந்து நண்பனைப் பத்திரமாக வீடு சேர்க்க எண்ணுபவர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பின்னால் வண்டியில் போகட்டும். திருவிழா முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது பின்னால் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டால், முதுகில் தலை சாய்ந்து கனத்தால், அவர் தூங்கத் தொடங்கிவிட்டார் என்று கொள்ளுங்கள். உடனே நிறுத்தி, இறக்கி, முகம் கழுவ வைத்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்.

வயதானவர்களுக்கு ஏறுவதே பெரும் பாடு. முற்றத்துப் படிக்கட்டு, உயர்ந்த கொங்கிறீற் ஓரம் போன்ற ஓர் உயரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால், அந்த உயரத்தில் நின்று அவர்கள் எளிதாகக் காலைப் போட்டுக்கொள்வார்கள். கிளிநொச்சி போன்ற 60 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணமாயின் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்திக் காலை நீட்ட விடுங்கள். மரத்துப்போன கால் மிதியிலிருந்து நழுவுவது அவர்களுக்கே தெரியாது.

ஏதேனும் நேர்ந்துவிட்டால், விழுந்தவரின் தலைக்கவசத்தைப் பதற்றத்தில் இழுத்துக் கழற்ற வேண்டாம். மூச்சு விடுகிறாரா என்று மட்டும் பார்த்து, கழுத்தை அசைக்காமல் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். ஆட்டோவில் மடித்து ஏற்றிக்கொண்டு ஓடுவது முதுகுத்தண்டில் காயம் உள்ளவருக்கு மேலும் கேடாக முடியும்.

சேருமிடம் வந்ததும் வண்டியை முற்றாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, இரண்டு கால்களையும் ஊன்றி, முன்பிறேக்கைப் பிடித்தபடி "இப்ப இறங்கலாம்" என்று சொல்லுங்கள். வாய்க்காலும் குழியும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். பின்னால் இருப்பவர் இறங்கி, இரண்டு பாதமும் தரையில் பட்டு, வண்டியை விட்டு ஓர் அடி விலகிய பிறகே நீங்கள் சைட் ஸ்ராண்டைத் தட்டலாம். அம்மா இப்போதெல்லாம் இறங்கியதும் என் தோளில் ஒருமுறை தட்டுவார். அந்தத் தட்டு விழும்வரை நான் பிறேக்கிலிருந்து கையை எடுப்பதில்லை.